தோப்பறை எந்தத் துறை?

வேதியியல் ஆய்வகத்தில் அன்றைக்கு எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. மேடம் ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். நான் மஞ்சள் பையிலிருந்து இரண்டு தோல் துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டும் ஆட்டுத்தோல். இரண்டும் கட்டைவிரல் அகலம், ஒரே மாதிரிப் பழுப்பு. இடுக்கியால் பிடித்து இரண்டையும் தண்ணீருக்குள் விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒன்று அனலில் பட்ட வெற்றிலை மாதிரி சுருண்டு கெட்டியாகிவிட்டது. மற்றது போட்டது போட்டபடி கிடந்தது.

"சுருண்டது பட்டையில பதம் பண்ணது. இந்தா, அசையாம கிடக்குதே, இது குரோமியம்" என்றார்.

நான் நோட்டை எடுத்து எழுதினேன். என் கை லேசாக நடுங்கியது. மூன்றாம் இயலில் நான் எழுதி வைத்திருந்த ஒரு வாக்கியம் அந்தக் குடுவைக்குள் செத்துப்போனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் தமிழ்த்துறையில் பகுதிநேர ஆய்வாளர். இது நாலாவது வருடம். பகலில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வகுப்பு எடுக்கிறேன். ஊர் சோழவந்தான் பக்கம், வைகைக் கரை. என் ஆய்வு எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் தலைப்பை முழுசாகச் சொல்வேன். இப்போது சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சித்திரைத் திருவிழாவில் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, அந்த ஆட்கள், அந்தத் தண்ணீர், அந்தத் தோல்பை.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டரில் அழகர்மலை. அங்கே மூலவர் பரமஸ்வாமி, ஊருக்குள் வருகிறவர் சுந்தரராஜப் பெருமாள், அவரைத்தான் அழகர் என்கிறோம். சித்திரை மாதம் அவர் கள்ளர் வேடம் போட்டுக்கொண்டு, கையில் வளைதடியோடு மலையைவிட்டு இறங்குகிறார். வழியெல்லாம் அவர் நின்று பூசை ஏற்கும் மண்டகப்படிகள், நூற்றுக்கணக்கில். தல்லாகுளத்தில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. பௌர்ணமி அன்று விடிகாலையில் தங்கக் குதிரையில் ஏறி வைகையில் இறங்குகிறார். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்ப்பதற்கே லட்சக்கணக்கான கண்கள் காத்திருக்கும். பச்சைப் பட்டு என்றால் அந்த வருடம் வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. அதற்குப் பிறகு ராமராயர் மண்டபம், வண்டியூர், தேனூர் மண்டபம், திரும்ப ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், பூப்பல்லக்கு, மலைக்குத் திரும்புதல்.

இந்தக் கூட்டத்துக்குள் நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் பல வகை. சிலர் செம்பில் சர்க்கரை நிறைத்து, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி நிற்பார்கள். சிலர் திரி எடுத்து ஆடுவார்கள். சிலர் கருப்பசாமி வேடத்தில் வருவார்கள். சல்லடமும் கச்சையும் கட்டி, தோளில் ஆட்டுத்தோல் பையைத் தொங்கவிட்டு, அதன் வாயில் கட்டிய பித்தளைக் குழாய் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சுகிறவர்கள்தான் என்னுடைய ஆட்கள். பையை அக்குளில் வைத்து இடுக்கி அழுத்தினால் தண்ணீர் நூலாகக் கிளம்பும். ஆய்வு நூல்களில் அந்தப் பைக்குத் துருத்தி என்று பெயர். மதுரைக் கடைகளில் தோப்பறை என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

பதிவுப் படிவத்தில் 'துறை' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. நான் 'தமிழ்' என்று எழுதினேன். குழுவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இது சமூகவியல் என்றார். இன்னொருவர் சடங்கு என்றால் மானிடவியல், அந்தத் துறை நம்மிடம் இல்லையே என்றார். மூன்றாமவர் தோலைப் பற்றி ஓர் இயல் இருப்பதைப் பார்த்துவிட்டு, இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அழகரைப் பற்றி மக்கள் பாடும் வர்ணிப்புப் பாடல்கள் இருக்கின்றன ஐயா என்றேன். அப்படியென்றால் பாடல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பையை விட்டுவிடுங்கள் என்றார்கள். பையை விட்டால் என் ஆய்வில் ஒன்றும் இல்லை. ஏழு மாதம் பதிவு இழுத்தது. அந்த ஏழு மாதமும் நான் பட்ட வேதனையை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்புகிற பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத நாட்கள் உண்டு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதே வாசலில் இப்போது நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கலாம்.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது தொ. பரமசிவன் ஐயாவின் அழகர்கோயில் ஆய்வேடு. 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது. தமிழ்த்துறை ஆய்வேடுதான். ஆனால் திறந்து பார்த்தால் கோயிலின் கல்லும் சிற்பமும் மட்டுமா இருக்கிறது? கள்ளருக்கும் அந்தக் கோயிலுக்கும் என்ன உறவு, இடையருக்கு என்ன, பள்ளர் பறையருக்கு என்ன, வலையருக்கு என்ன என்று தனித்தனியாகக் கேட்கிறது. கோயிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு ஓர் இடம் கொடுக்கிறது. ஆழ்வார் பாசுரமும் இருக்கிறது, வர்ணிப்பும் இருக்கிறது. துருத்திநீர் தெளிப்போர் என்று என் ஆட்களுக்கும் அதில் இடம் உண்டு. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து என் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். தமிழ் படித்த ஒருவர் திருவிழாக் கூட்டத்துக்குள் இறங்கி, ஆட்களை நிறுத்தி, எந்த ஊர், என்ன நேர்த்திக்கடன் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அது அந்தக் காலத்திலேயே பல்கலைக்கழகத்துக்குள் நடந்திருக்கிறது. 'பண்பாட்டு ஆய்வு', 'துறையிடை ஆய்வு' என்ற பெயர்ப்பலகையெல்லாம் அதற்குத் தேவைப்படவில்லை.

அவருக்கும் முன்னால் நா. வானமாமலை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டு, நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, 1969இலிருந்து 'ஆராய்ச்சி' இதழை நடத்தியவர். கல்லூரி ஆசிரியர்களும் பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்க்காதவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து கட்டுரை வாசித்து, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வரலாறு தெரிந்தவர் கதைப்பாடல் தெரிந்தவரைக் கேட்பார், பொருளாதாரம் தெரிந்தவர் இருவரையும் கேட்பார். அந்த அறையில் ஒரு மூலையில் உட்கார எனக்கு இடம் கிடைத்திருந்தால் என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

எனக்கு அப்படி ஓர் அறை வாய்க்கவில்லை. அதனால் நானே ஒவ்வொரு துறையாகப் படியேறிப் போனேன். பல துறைகளில் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொள்வதுதான் துறையிடை ஆய்வு என்று முதலில் நினைத்திருந்தேன். அது தவறு என்று எனக்குப் புரிந்தது படித்ததால் அல்ல. ஒவ்வொரு வாசலிலும் என் எழுத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். என் துறையில் யார் கண்ணிலும் படாத பிழைகள்.

முதலில் வரலாற்றுத் துறை. அழகர் முன்பெல்லாம் எங்கள் பக்கம், தேனூருக்குத்தான் வந்துகொண்டிருந்தார், மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரையில் நடந்த அழகர் விழாவையும் திருமலை நாயக்கர்தான் மதுரையில் ஒன்றாக்கினார் என்பது நாங்கள் பால்குடி மறக்கும் முன்பே கேட்ட கதை. வண்டியூரில் இருக்கும் மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. "எங்க ஊருக்கு வந்த சாமி" என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்லும்போது அதில் ஒரு உரிமையும் இருக்கும், ஒரு மனத்தாங்கலும் இருக்கும். நான் அதை அப்படியே எழுதினேன்: '1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இரு விழாக்களையும் இணைத்தார்.' வரலாற்று ஐயா அந்த வரியில் பென்சிலை வைத்தார்.

"எந்தக் கல்வெட்டும்மா? எந்த ஓலை? யாரு எந்த வருஷம் எழுதி வச்சது?"

எல்லா நூலிலும் இருக்கே ஐயா என்றேன்.

"எல்லா நூலும் ஒண்ணப் பாத்து ஒண்ணு எழுதுனா அது ஒரு நூல்தான். மரபு சொல்லுதுன்னு எழுதுங்க. அது ஒண்ணும் குறைச்சல் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அவர் எங்கள் ஊரைப் பொய் சொல்கிறது என்று சொன்ன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. சான்று தேடாமல் நான் அந்த வரியை எழுதியதற்குக் காரணமே அது என் ஊர்க் கதை என்பதுதான். இப்போது 'என்று மரபு சொல்கிறது' என்று எழுதியிருக்கிறேன். அதோடு எங்கள் ஊர்க் கிழவிகளின் அந்தத் தாங்கலைத் தனியாக ஒரு பகுதியாக எழுதியிருக்கிறேன். முன்பு வரலாறு என்று நினைத்ததால் அதை ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தேன்.

அடுத்தது புள்ளியியல். முதல் வருடம் எதிர்சேவை அன்று 112 பேரைக் கேட்டு எழுதினேன். பெருமையாக அட்டவணை போட்டுக்கொண்டு போனேன். சம்சாரி (விவசாயி) வீட்டு ஆட்கள்தான் பெரும்பாலும் துருத்தி எடுக்கிறார்கள் என்பது என் முடிவு. சார் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. "எங்க நின்னு கேட்டீங்க?" என்றார். தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கத்தில் என்றேன். "எத்தனை மணிக்கு?" காலை 6 முதல் 10. "அந்த நேரத்துக்கு அங்க வர்றவங்க எந்தப் பக்கத்திலேருந்து வருவாங்க?" நான் யோசித்தேன். மேலூர்ப் பக்கம், அழகர்கோயில் ரோட்டுக் கிராமங்கள், வடக்கத்தி ஆட்கள். என் சொந்தப் பக்கமான சோழவந்தான், தேனூர் ஆட்கள்கூட அங்கே வரமாட்டார்கள், நேரே ஆற்றுக்குத்தான் போவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறேன். மறு வருடம் தல்லாகுளம், ராமராயர் மண்டபம், வண்டியூர் என்று மூன்று இடத்தில், மூன்று நேரத்தில் கேட்டேன். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், கல்லூரிப் பையன்கள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு விழாவுக்கு மட்டும் வந்தவர்கள் என்று வேறு கூட்டமே வந்தது. என் முடிவு போனது. நல்லவேளையாகப் போனது.

மூன்றாவது திருத்தம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்தது. 'வெயிலில் நடந்துவரும் இறைவனைக் குளிர்விக்கும் சடங்கு' என்று தண்ணீர் பீய்ச்சுவதைப் பற்றி எழுதியிருந்தேன். வெப்பம், குளிர்ச்சி என்று மானிடவியல் நூல்கள் பேசுவதையெல்லாம் மேற்கோள் காட்டியிருந்தேன். ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பெரியம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அவரு குளிர ஆத்துத் தண்ணி இருக்குல்ல தாயி. நம்ம ஒரு படித் தண்ணியிலயா அவரு குளிரப் போறாரு?"

பிறகு ஏன் பெரியம்மா பீச்சுறோம்?

"உங்க அண்ணனுக்கு அஞ்சு வயசுல அம்மை போட்டு, கண்ணு தொறக்காம கிடந்தான். பொழச்சுட்டா மூணு வருசம் துருத்தி சொமக்குறேன்னு உங்க பெரியப்பா நேந்துக்கிட்டாரு. தண்ணிய நம்ம தோள்ல வச்சுச் சொமந்து போறமுல்ல, அதுதான் நேத்தி. பீச்சுறது கடைசியில அஞ்சு நிமிசம்."

சுமப்பது. நான் படம் பிடித்ததெல்லாம் பீய்ச்சுகிற நிமிடத்தை. பத்திரிகைகளில் வருவதும் அந்தப் படம்தான். நிறைந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரம் நடக்கிறார்களே, அந்த நடை என் ஆய்வில் இல்லவே இல்லை. மறு வருடம் ஒரு குடும்பத்தோடு முழு தூரமும் நடந்தேன். ஒரு தோப்பறையை நானும் வாங்கிச் சுமந்து பார்த்தேன். தோள்பட்டையில் வார் பதிந்த தடம் நாலு நாள் இருந்தது. அந்த இயலை இப்போது நடையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன்.

அந்த ஆற்றுத் தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1959இல் வைகை அணை வந்தபிறகு, அழகர் இறங்குவதற்கென்று அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். எத்தனை நாள் முன்னால் திறந்தால் எப்போது மதுரைக்கு வந்து சேரும் என்ற கணக்குப் பொறியாளர்களிடம் இருக்கிறது. பஞ்சாங்கம் குறித்த பௌர்ணமிக்கு முன்னால் மதகு திறக்க வேண்டும். பட்டரும் பொறியாளரும் சேர்ந்தால்தான் அழகர் தண்ணீரில் இறங்க முடியும். இதை எந்த ஒரு துறைக்குள் வைப்பது?

கைலாசபதியும் சிவத்தம்பியும் நினைவுக்கு வருகிறார்கள். ஈழத்திலிருந்து போன இந்தத் தமிழறிஞர்கள் இருவரும் 1960களில் தங்கள் முனைவர் பட்ட ஆய்வைச் செய்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். வழிகாட்டி ஜார்ஜ் தாம்சன், கிரேக்கப் பேராசிரியர். பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகங்களை ஏதென்ஸின் சமூக வாழ்க்கையோடு சேர்த்து வாசித்து 1941இலேயே நூல் எழுதியவர். கைலாசபதி சங்கப் பாட்டுகளைக் கிரேக்க வீரநிலைப் பாட்டுகளோடு வைத்துப் பார்த்தார், 1968இல் அது நூலாக வந்தது. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் எப்படி இருந்தது என்று கேட்டார். தமிழ் ஆய்வுக்குக் கிரேக்கத் துறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே யாரும் அவர்களிடம் இது எந்தத் துறை என்று கேட்டு ஏழு மாதம் நிறுத்தி வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதே பல்கலைக்கழகத்தில்தான் 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன் பணம் கொடுத்தார். ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால் அங்கே வந்து சேர்ந்தார், பிறகு 1979 வரை அதை நடத்தினார். அவர்கள் வேலை செய்த விதம்தான் என்னை ஈர்த்தது. ஆசிரியரும் மாணவரும் சிறு சிறு குழுவாக உட்கார்ந்து சேர்ந்து படிப்பார்கள், சேர்ந்து எழுதுவார்கள், ஸ்டென்சில் போட்டு உருட்டி எடுத்துப் பரப்புவார்கள். 1972இல் அந்த நகரத்தின் ஹான்ட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வழிப்பறி நடந்தது. பிடிபட்ட இளைஞர் மூவரில் ஒருவருக்கு 20 வருடச் சிறை, மற்ற இருவருக்குப் பத்துப் பத்து வருடம். ஏன் இவ்வளவு பெரிய தண்டனை, ஏன் அந்த நேரத்தில் பத்திரிகையெல்லாம் 'மக்கிங்' (வழிப்பறி) என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டன என்று கேட்கத் தொடங்கினார்கள். பத்திரிகை, போலீஸ், நீதிமன்றம், வேலையின்மை, நிறவெறி என்று அந்தக் கேள்வி போன இடமெல்லாம் போனார்கள். 1978இல் நூலாக வந்தபோது அட்டையில் ஐந்து பேர் பெயர் இருந்தது. ஒரு வழக்குக்கு ஐந்து பேர், ஆறு வருடம்.

அந்த மையத்தின் தொடர்ச்சியாக வந்த துறையை 2002இல் மூடிவிட்டார்கள். 2001இல் நடந்த ஆய்வு மதிப்பீட்டில் தரம் குறைவாக வந்தது என்பது காரணம். மாணவர்கள் எதிர்த்துப் போராடியும் நடக்கவில்லை. உலகம் முழுக்கப் பாடத்திட்டங்களில் ஏறிவிட்ட ஒரு படிப்பு, தான் பிறந்த வீட்டில் இல்லாமல் போனது. இங்கேயும் நிலைமை சுலபமில்லை. இரண்டு துறைப் பெயர் கலந்த பட்டம் வைத்திருக்கிறவர்கள் வேலைக்கு விண்ணப்பித்தால், அந்தப் பட்டம் கேட்ட பட்டத்துக்குச் சமம் என்று சமநிலைச் சான்று கொண்டுவா என்பார்கள். அதற்கு அலைந்து ஓய்ந்த தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். நான் 'தமிழ்' என்ற கட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடாததற்கு அதுவும் ஒரு காரணம். ஒளிக்க விரும்பவில்லை.

இனித் தோலுக்கு வருகிறேன்.

எனக்குத் தோப்பறை தைத்துக் கொடுத்தவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பெயரையும் தெருவையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆய்வேட்டில் அவர் 'தகவலாளர் 7'. எனக்கு அந்த எண்ணை எழுதும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தும். நெறி அதுதான், வேறு வழியும் இல்லை. அவருடைய அப்பாவும் இதே வேலைதான். பங்குனி பிறந்ததும் தைக்கத் தொடங்குவார்கள். தடித்த ஊசி, மெழுகு தேய்த்த நூல், ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து நெருக்கித் தையல். தைத்து முடித்ததும் விளக்கெண்ணெய் தடவி, தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பார். ஒழுகினால் அந்தப் பையைக் கொடுக்கவே மாட்டார். "நேத்திக்கு எடுக்குற பை. பாதி வழியில தண்ணி ஒழுகிப் போச்சுன்னா அந்த வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்பார்.

என் நெறியாளர் ஒருநாள் கேட்ட கேள்வி என்னை அசைத்தது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறோம். தோல் தீட்டு என்கிறார்கள். தோல் வேலை செய்த காரணத்துக்காகவே ஒரு மக்களை எத்தனையோ காலம் கோயிலுக்குள் விடாமல் நிறுத்தி வைத்த நாடு இது. அப்படியிருக்க, ஆட்டுத்தோலுக்குள் ஒரு பகல் முழுக்கக் கிடந்த தண்ணீர் எப்படி அழகர் மேனியில் படுகிறது? அதைப் பட்டரும் ஏற்று நிற்கிறாரே?

இதற்கு நான் இன்னும் விடை எழுதி முடிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். இது நடப்பது கோயிலுக்குள் அல்ல, தெருவிலும் ஆற்றிலும். அழகர் வெளியே வந்துவிட்டார், அதுவும் கள்ளர் வேடத்தில். வெளியே வந்த சாமியிடம் எதைக் கொண்டு நெருங்கலாம் என்பதை மலைமேல் உள்ள விதி முழுக்கத் தீர்மானிக்கவில்லை. அண்மை வருடங்களில் விசைப்பம்பு வைத்துப் பீய்ச்சுவதும், தண்ணீரில் எதையெதையோ கலப்பதும் பெருகிப்போய், விஷயம் நீதிமன்றம் வரை போனது. மரபுப்படி தோல்பைதான் சரி, பம்பு கூடாது என்ற பேச்சு வந்தபோது, தீட்டு என்று சொல்லப்பட்ட அதே தோல் மரபின் அடையாளமாகி நின்றது. இந்த இடத்தில் என் பேனா நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது.

அண்ணன் சொல்வார்: "நம்மது எல்லாம் ஆவாரம்பட்டைத் தோலு. மருந்துத் தோலு இல்ல. சாமி மேல படுற தண்ணியில்ல?" நான் அதை நம்பி, 'இன்றளவும் தோப்பறைக்கு ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய தோலே பயன்படுகிறது' என்று எழுதினேன். அந்த வரியைப் படித்த சமூகவியல் தோழி, அவர் சொன்னதை எழுதினாயா, பார்த்ததை எழுதினாயா என்று கேட்டாள். அதுதான் என்னை வேதியியல் துறைப் படியேற வைத்தது. ஒரே வளாகத்தில் மூன்று வருடம் நடமாடியும் அந்தக் கட்டடத்துக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை.

மேடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பட்டையில் பதம் செய்யத் தொட்டிகளில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். குரோமிய உப்பில் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். குரோமியம் தோலின் நாரோடு இறுக்கமாகப் பிணைந்துகொள்வதால் கொதிநீர்கூட அதைச் சுருக்காது. பட்டைத்தோல் அந்தச் சூட்டைத் தாங்காது. மேலே சாயம் ஏற்றிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் கொண்டுபோன துண்டுகள் அண்ணன் தைக்கும்போது வெட்டிப் போட்டவை. ஒன்று போன வருடத்துத் தோல், ஒன்று இந்த வருடத்தது. சுருண்டது போன வருடத்தது.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் போகத் தோன்றவில்லை. பயமாக இருந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டால்? ஆய்வேட்டில் முடிவை எழுதிவிட்டு அவரிடம் சொல்லாமலே விட்டுவிடலாம். நெறிமுறைப் படிவத்தில் அதைத் தடுக்கிற வரி எதுவும் இல்லை. ஆனால் அவர் அப்பா காலத்திலிருந்து காப்பாற்றி வருகிற ஒரு சொல் உடைந்திருப்பது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு துண்டையும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

கடையில் அண்ணி டீ போட்டுக் கொடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் சுருண்ட துண்டை வாங்கி விரலால் நீவிப் பார்த்தார். பிறகு மற்றதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இந்த வருசம் மணம் கம்மியாத்தான் இருந்துச்சு. கேட்டேன். புதுத் தோலு அப்படித்தான் இருக்கும்னான்."

எத்தனை பை போச்சு அண்ணே இந்தத் தோலுல?

"நாப்பது இருக்கும்."

சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த தோப்பறைகளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். எழுந்து போய், அடுப்படியில் அண்ணி வைத்திருந்த டீச் சட்டியைக் காட்டி, "இந்தக் கொதி போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன். உள்ளேயிருந்து வெட்டுத்துண்டுகள் கிடந்த சாக்கை இழுத்து வந்து கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து, எந்தக் கட்டில் வந்தது என்று சொல்லிச் சொல்லி வரிசையாக வைத்தார். அண்ணி சட்டியைக் கழுவி வேறு தண்ணீர் வைத்தார். நான் நோட்டைத் திறந்தேன்.

"எழுதிக்க. அப்புறம் புதன்கிழமை திண்டுக்கல் போறேன், தோல் மண்டிக்கு. நீயும் வா. இந்தக் கொதிக்கிற கணக்க அவன்கிட்ட நீயே சொல்லு."

புதன்கிழமை எனக்கு இரண்டு வகுப்பு இருக்கிறது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.